இணையத்தில் ஒரு பைத்தான் குழு: படுத்ததை எழுப்பிய வேலைகள்

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பழகும் எங்கள் குழு இணையத்தில் மட்டும்தான் கூடுகிறது. வாரம் ஒரு நாள், முழுக்கத் தமிழில், ஒன்றரை மணி நேரம். பொறியியல் கல்லூரி மாணவர்கள், டெஸ்டிங் வேலையிலிருந்து கோடிங் பக்கம் வர நினைப்பவர்கள், வளைகுடாவில் நெட்வொர்க் அட்மினாக இருப்பவர்கள், யாழ்ப்பாணத்து மாணவர்கள், பதினைந்து இருபது வருடமாகக் கோட் எழுதுபவர்கள் என்று கலவையான கூட்டம். நடத்துவது நாங்கள் நாலைந்து பேர். ஒரு கட்டத்தில் குழு படுத்துவிட்டது. பேச வந்தவரும் நாங்களும் மட்டுமே இருந்த வாரங்கள் உண்டு. அரட்டைக் குழுவில் வேலைவாய்ப்பு ஃபார்வர்டுகளும் காலை வணக்கப் படங்களும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதை எழுப்ப என்னென்ன செய்தோம், எது பலித்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதேபோல் குழு நடத்துபவர்களுக்கு, அது ஜாவா குழுவானாலும் லினக்ஸ் குழுவானாலும், கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

நான் இருப்பது திருநெல்வேலியில். சென்னையில் சென்னைபை என்ற பைத்தான் குழு மாதத்தின் நான்காம் சனிக்கிழமை கூடுகிறது. அங்கேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்றும் நெடுநாளாக இருக்கிறது. இரண்டுமே நல்ல குழுக்கள். ஆனால் இங்கிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மதியக் கூட்டத்துக்காக முதல் நாள் ராத்திரி ரயில் ஏறு என்று எந்த மாணவரிடமும் சொல்ல முடியாது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறு மாலைகளில் இணையத்தில் தமிழிலேயே கூடுவதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கும் துணிச்சல் வந்தது.

பயனர் குழு என்பது புதுப் பழக்கம் இல்லை. 1955-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஐபிஎம் 704 கணினிக்குத் தயாராகிக்கொண்டிருந்த நிறுவனங்களின் நிரலாளர்கள் சேர்ந்து ‘ஷேர்’ என்ற பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். ஒரே இயந்திரத்துக்கு ஒரே வேலையைச் செய்யும் நிரலை ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதுவானேன், எழுதியதைப் பகிர்ந்துகொள்ளலாமே என்பதுதான் அடிப்படை. எங்கள் குழுவுக்கும் நான் அதற்கு மேல் ஒரு நோக்கம் வைக்கவில்லை. ஒருவர் மாட்டிக்கொண்டு வெளியே வந்த இடத்தில் அடுத்தவர் மாட்டக்கூடாது. எதை மாற்றுவது, எதை விடுவது என்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தபோதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவெடுத்தோம்.

வராமல் நின்றவர்களிடம் முதலில் பேசினோம்

புது ஆட்களைத் தேடுவதற்கு முன்னால், ஒரு முறை வந்துவிட்டு அப்புறம் வராதவர்களைத் தேடிப் போனோம். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டால் மழுப்புவார்கள். ‘கடைசியாக வந்த அன்று எது கஷ்டமாக இருந்தது’ என்று கேட்டால் பேசுகிறார்கள். லிங்க் எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதி முடிந்துவிட்டது என்றார்கள். போனில் பார்த்தால் கோட் எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது என்றார்கள். ‘ஞாயித்துக்கிழமை எங்களுக்கு வேலை நாள் அண்ணா’ என்று தோஹாவிலிருந்து ஒருவர் சொன்னார். அதிகம் பேர் சொன்னது வேறு: ‘கேள்வி இருந்துச்சு. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலையோன்னு கேக்கல.’

இந்தக் கடைசிப் பதிலைத்தான் நாங்கள் மையமாக எடுத்துக்கொண்டோம். மற்றவை எல்லாம் கைவேலை. ஒரு வாரத்தில் முடித்துவிடக்கூடியவை. அதனால் அவற்றை முதலில் முடித்தோம்.

நேரம்: ஞாயிறை விட்டுச் சனிக்கிழமை இரவு 7.30-க்கு மாற்றினோம். சவூதி, கத்தார், குவைத்தில் வாரவிடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆகவே வளைகுடாவில் இருக்கும் எல்லோருக்கும் சனிக்கிழமைதான் பொதுவான விடுமுறை. நமக்கு 7.30 என்றால் தோஹாவில் மாலை 5, துபாயில் 6, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரவு 10. லண்டனில் குளிர்காலத்தில் பகல் 2, கோடையில் 3. இங்கே பல கல்லூரிகளில் சனிக்கிழமையும் வகுப்பு இருக்கிறது, ஆனால் இரவு 7.30-க்குள் விடுதிக்கோ வீட்டுக்கோ வந்துவிடுவார்கள். அறிவிப்பில் நேரத்தை மட்டும் எழுதாமல், நாட்காட்டியில் சேர்த்துக்கொள்ளும் கோப்பு ஒன்றையும் கொடுத்தோம். அதில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று குறித்துவிட்டால் அவரவர் ஊர் நேரத்துக்குப் போனே மாற்றிக் காட்டும். லண்டனில் கடிகாரத்தை முன்பின் தள்ளும் மாதங்களில் வரும் குழப்பம் இதோடு போயிற்று.

லிங்க்: கூட்டத்துக்கென்று ஒரே ஒரு முகவரி. அது எங்கள் டொமைனுக்குக் கீழே இருக்கிறது. அதைத் தட்டினால் அந்த வாரத்து அறைக்குத் திருப்பிவிடும். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் மக்களிடம் இருக்கும் லிங்க் மாறாது. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் 60 நிமிடம் என்று எல்லை இருப்பதால் ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு இரண்டும் ஒத்துவராது. ஜிட்சியைத் தேர்ந்தெடுத்தோம். கட்டற்ற மென்பொருள் என்பதும் ஒரு காரணம். 2023 ஆகஸ்ட் முதல் ஜிட்சியின் பொதுச் சேவையகத்தில் அறையைத் திறப்பவர் ஒரு கணக்கு வழியாக உள்ளே வர வேண்டும். மற்றவர்கள் பெயரைத் தட்டிவிட்டு வந்துவிடலாம். திறக்கும் பொறுப்பு எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் வீட்டில் கரண்ட் போனால் இன்னொருவர் திறப்பார்.

போன் திரை: பேசுபவருக்கு அனுப்பும் குறிப்பில் முதல் வரி, எழுத்தளவு 24-க்குக் குறையக்கூடாது என்பது. வெள்ளைப் பின்னணி, ஒரு நேரத்தில் திரையில் பதினைந்து வரிக்கு மேல் வேண்டாம். கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் முன்னால் எங்களில் ஒருவர் போனில் நுழைந்து, படிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்வார். முகத்தைக் காட்டும் வீடியோவை எல்லோரும் அணைத்து வைப்போம். நாளுக்கு இவ்வளவு ஜிபி என்று டேட்டா போட்டிருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. வீட்டில் பின்னால் யார் நடமாடுகிறார்கள் என்ற கவலையும் இல்லை.

‘நேரம்’ ‘நரேம்’ ஆகும் கதை

போஸ்டர் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் எது செய்தாலும் இந்த இடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து போஸ்டர் வரைவது நடக்கிற காரியம் இல்லை. தலைப்பு, பேசுபவர், தேதி மூன்றையும் ஒரு கோப்பில் எழுதினால் படத்தை நிரலே உருவாக்கிவிட வேண்டும் என்று பைத்தானின் பில்லோ நூலகத்தை, அதாவது படம் உருவாக்க உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பை, எடுத்தோம். 1200-க்கு 630 பிக்சல் படம், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு. அந்த அளவில் வைத்தால் லிங்க்கைப் பகிரும்போது வரும் முன்னோட்டத்துக்கும் அதே படம் உதவும். ஓட்டிப் பார்த்தால் ‘கேள்வி நேரம்’ என்ற தலைப்பில் ‘நேரம்’ என்பது ‘நரேம்’ என்று வந்து நின்றது.

ஏன் இப்படி ஆகிறது என்று குழுவிலேயே ஒரு சனிக்கிழமை பிரித்துப் பார்த்தோம். எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘நே’ என்பது முதலில் ‘ந’, அடுத்து இரட்டைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். இப்படி இடம் மாற்றி அடுக்கும் வேலையை எழுத்து வடிவமைப்பு நூலகம் செய்கிறது. பில்லோவில் அடிப்படை, ராக்ம் என்று இரண்டு அடுக்கு முறைகள். அடிப்படை முறை குறியீடுகளை வந்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போகும். ‘ந’ வரைந்து, கொம்பு வரைந்து, அப்புறம் ‘ர’. அந்தக் கொம்பு ‘ர’வுக்குப் போய்விடுகிறது. படிப்பவர் கண்ணுக்கு ‘நரேம்’. ராக்ம் முறை இருந்தால் அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் வழியாகச் சரியாக அடுக்கும். பில்லோவை வழக்கம்போல் நிறுவினால் ராக்ம் கூடவே வருகிறது, ஆனால் ஃப்ரைபிடி என்ற இன்னொரு நூலகத்தை அது இயங்கும்போதுதான் தேடும். சேவையகத்தில் அது இல்லையென்றால் சத்தமே போடாமல் அடிப்படை முறைக்கு இறங்கிவிடுகிறது. எர்ரர் வராது. படம் மட்டும் தப்பாக வரும்.

ஃப்ரைபிடியை நிறுவினோம், ‘நேரம்’ திரும்பி வந்தது. பில்லோவின் ஃபீச்சர்ஸ் தொகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. இப்போது நிரலின் முதல் வேலையே அதைக் கேட்பதுதான். இல்லையென்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடும். தப்பான தமிழோடு ஒரு போஸ்டர் வெளியே போவதைவிட அன்றைக்குப் போஸ்டரே இல்லாமல் போவது மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தமிழில் சொல்லித் தருகிறோம் என்று கூப்பிடும் குழு இது.

அதே வாரத்தில் இன்னொன்றும் புரிந்தது. கூட்டப் பக்கங்களின் முகவரியைத் தமிழிலேயே வைத்திருந்தோம். உலாவியில் அழகாகத் தெரியும். நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக ஒரு பத்தியே வந்து விழும். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லில் புள்ளி, விசிறி எல்லாம் சேர்த்து 5 குறியீடுகள், அதற்கு மட்டும் 45 எழுத்து. ஏதோ வைரஸ் லிங்க் என்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள். தலைப்பு தமிழில், முகவரி ரோமன் எழுத்தில் சுருக்கமாக என்று மாற்றிக்கொண்டோம்.

போஸ்டரை மட்டும் அனுப்பினால் போதாது என்பதும் தெரிந்தது. படத்தில் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, லிங்க்கைத் தட்ட முடியாது. ஆகவே முதலில் நாலு வரிச் செய்தி, அதற்குக் கீழே படம். அந்த நாலு வரியில் தலைப்புதான் உயிர். ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்: ஓர் அறிமுகம்’ (எழுத்துக் கூட்டத்தில் வேண்டிய வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் முறை அது) என்று போட்டால் ஏற்கனவே தெரிந்தவர்கள் வருகிறார்கள். ‘நூறு கரண்ட் பில் பிடிஎஃப்களிலிருந்து தொகையை மட்டும் எடுத்து எக்செல்லில் போடுவது’ என்று போட்டால் அதே பாடத்துக்குத் தெரியாதவர்கள் வருகிறார்கள். நாங்கள் யாருக்காக நடத்துகிறோமோ அவர்கள்.

கேள்வியை எடுத்துப் போகும் வழி

இப்போது அந்தக் கூச்ச விஷயம். கூட்டத்தில் ‘கேள்வி இருக்கா’ என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. பல வாரம் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டேன் என்று சொன்ன அடுத்த நிமிடம் மைக் ஒவ்வொன்றாகத் திறக்கும். தப்பாகக் கேட்டால் அது யூடியூபில் என்றைக்கும் நிற்குமே என்ற பயம். அதனால் வழக்கத்தையே மாற்றினோம். முதல் 50 நிமிடம் பேச்சு, அது பதிவாகும். மீதி 40 நிமிடம் கேள்வி நேரம், அது பதிவாகாது. பதிவு நின்றுவிட்டது என்று நடத்துபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேச ஆள் கிடைக்காத வாரத்தில் ஒன்றரை மணி நேரமும் கேள்வி நேரம்தான். கூட்டத்தை ரத்து செய்வது என்பதையே எடுத்துவிட்டோம். தீபாவளி, பொங்கல் போல முன்பே சொல்லிவிட்ட நாட்கள் மட்டும் விலக்கு.

அரட்டைக் குழுவை வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு மாற்றினோம். முக்கியக் காரணம் போன் எண். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் எண் எல்லோர் கண்ணிலும் படும். குழுவில் ஒரு கேள்வி கேட்டதும் தெரியாத ஆட்களிடமிருந்து தனிச் செய்தி வருகிறது என்று பெண்கள் சிலர் சொன்னார்கள். அப்புறம் அவர்கள் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். டெலிகிராமில் எண்ணை மறைத்துப் பயனர் பெயரோடு மட்டும் இருக்கலாம். சேரும் ஒவ்வொருவருக்கும் அதை எப்படி மறைப்பது என்ற படக்குறிப்பு முதலில் போகும். பழைய உரையாடலைப் புதிதாக வருபவரும் பார்க்கும்படி வைக்க முடிவது இன்னொரு நன்மை. போன மாதம் தீர்ந்த சிக்கலை இந்த மாதம் வந்தவர் தேடி எடுக்க முடிகிறது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தையவை கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதை எடுக்கவில்லை.

ஒழுங்கு விதிகளை 2014-இல் வெளிவந்த காண்ட்ரிபியூட்டர் கவனென்ட் என்ற பொது நடத்தை விதியை அடிப்படையாக வைத்துத் தமிழில் எழுதினோம். எங்களுக்கென்று சேர்த்த வரி ஒன்று: கேட்காமல் தனிச் செய்தி அனுப்பக்கூடாது. புகார் வாங்குபவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். விதியை எழுதி வைத்தால் மட்டும் போதாது, மீறியவரை வெளியேற்றவும் வேண்டும். அதைத் தயங்காமல் செய்தோம்.

இனி ஒரு கேள்வி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஒரு மாணவர் லேப்டாப் திரையை போனில் படம் பிடித்துப் போட்டார். கூடவே ‘சார், எர்ரர் வருது’. படம் சாய்ந்திருந்தது, பாதி திரை வெளிச்சத்தில் மறைந்திருந்தது. இந்த இடத்தில் ‘ஒழுங்காகக் கேளுங்கள்’ என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தப் பையன் அதோடு போய்விடுவான். எங்கள் வழக்கம், பதிலோடு ஒரே ஒரு விவரம் மட்டும் கேட்பது. சென்னையில் டெஸ்டிங் வேலையில் இருக்கும் ஓர் அக்கா கேட்டார்: ‘தம்பி, சிவப்பா இருக்கிறதுல கடைசி வரியை மட்டும் காப்பி பண்ணிப் போடுங்க.’ வந்தது யூனிகோட் டிகோட் எர்ரர், அதாவது பைட்டை எழுத்தாக மாற்ற முடியவில்லை என்ற பிழை. 14-ஆவது இடத்தில் ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண் முறையில்) 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று சொன்னது. தமிழ்க் கோப்பு ஒன்றில் சொற்களை எண்ணும் நிரல் அது. கோப்பின் முதல் சொல் ‘தமிழ்’.

காரணம் அழகாக இருந்தது. அந்த விண்டோஸ் கணினியில் கோப்பைத் திறக்கும்போது குறியீட்டு முறையைச் சொல்லாவிட்டால் பைத்தான் சிபி1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பிய முறையை எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்பதில் த, ம, விசிறி, ழ ஆகிய நான்கும் 3 பைட் வீதம் 12. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 0 முதல் 11 வரை. புள்ளிக்கு 12, 13, 14. அந்தப் புள்ளியின் மூன்றாவது பைட்தான் 8டி. சிபி1252-இல் அந்த இடம் காலி, எந்த எழுத்தும் கிடையாது. அதனால்தான் சரியாக 14-இல் வந்து நிற்கிறது. புள்ளி வைத்த எழுத்து இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதுவது கடினம் என்பதால், தமிழ்க் கோப்போடு வேலை செய்யும் எவரும் விண்டோஸில் ஒரு நாள் இங்கே வந்து முட்டுவார்கள். திறக்கும் வரியில் குறியீட்டு முறை யூடிஎஃப்-8 என்று சேர்த்தால் தீர்ந்தது. பைத்தான் 3.15-லிருந்து யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக்குவது என்று பெப் 686 என்ற பைத்தான் முன்மொழிவில் முடிவாகியிருக்கிறது, ஆனால் பழைய பதிப்புகள் கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் பல வருடம் இருக்கும்.

சனிக்கிழமை கேள்வி நேரத்தில் அந்த மாணவரே இதை எல்லோருக்கும் விளக்கினார். அப்புறம் அக்கா அதை ஐந்து நிமிடத்தில் தனியாகப் பதிவு செய்தார். மாணவர் பெயரோ குரலோ அதில் கிடையாது. வீடியோவுக்குத் தலைப்பாக அந்த எர்ரர் வரியையே, அது திரையில் வரும் எழுத்திலேயே வைத்தோம். விளக்கம் தமிழில். ஏனென்றால் மாட்டிக்கொண்டவர் இரவு பதினொரு மணிக்கு ‘பைத்தான் குழு’ என்று தேடப் போவதில்லை, அந்தச் சிவப்பு வரியை அப்படியே தேடலில் ஒட்டுவார். அங்கே தமிழில் ஒரு பதில் கிடைக்கிறது, அதன் கீழே சனிக்கிழமை லிங்க் இருக்கிறது. இப்போது புதிதாக வருபவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், போஸ்டரைச் சொல்பவர்களைவிட இந்தச் சின்ன வீடியோக்களைச் சொல்பவர்கள்தான் அதிகம். விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கலாமா என்று எங்களுக்குள் நடந்த பேச்சு இதோடு நின்றது.

பதிவுக்கு ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். எம்கேவி கோப்பாகப் பதிந்து, முடிந்தபின் எம்பி4-ஆக மாற்றிக்கொள்வோம். நடுவில் கணினி நின்றுவிட்டாலும் அதுவரை பதிந்தது தப்பிக்கும். நீளமான பேச்சுகளுக்கு யூடியூபில் அத்தியாயம் பிரிப்பது அவசியம். விளக்கத்தில் நேரக்குறிகள் 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது. சத்தம் ஏற்ற இறக்கமாக இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, வீடியோக் கருவியில் சத்தத்தைச் சமன் செய்யும் லவுட்நார்ம் வடிகட்டி போதும். படத்தைவிடக் குரல் தெளிவாக இருப்பதுதான் முக்கியம் என்பதால் பேசுபவரிடம் நல்ல கேமராவைக் கேட்பதில்லை, ஒயர் வைத்த இயர்போனைக் கேட்கிறோம்.

பாட் படித்த ‘#க’

பதில் வராத கேள்விதான் குழுவைக் கொல்கிறது. அதற்கு டெலிகிராம் பாட் (குழுவில் தானாக இயங்கும் நிரல்) ஒன்று எழுதினோம். செய்தியில் ‘#கேள்வி’ என்று இருந்தால் குறித்துக்கொள்ளும். 24 மணி நேரத்தில் யாரும் அதற்குப் பதில் எழுதாவிட்டால் நடத்துபவர்கள் குழுவில் நினைவூட்டும். டெலிகிராம் பாட்கள் இயல்பாகக் குழுவில் கட்டளைகளையும் தமக்கு வரும் பதில்களையும் மட்டுமே பார்க்கும். எல்லாச் செய்தியையும் படிக்க வேண்டுமென்றால் பாட்களை நிர்வகிக்கும் டெலிகிராமின் சொந்த பாட்டான பாட்ஃபாதரிடம் போய் அந்தரங்க முறையை அணைத்து, பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். இப்படிப் படிக்கிறது என்பதையும், கேள்விக் குறி உள்ளவற்றை மட்டுமே சேமிக்கிறது என்பதையும் குழுவின் மேலே பின் செய்து வைத்திருக்கிறோம். நிரலும் எல்லோரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது.

பாட்டின் முதல் பதிப்பு எல்லாக் கேள்வியையும் தவறவிட்டது. பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதியில் ‘சொல் எழுத்து’ என்பதற்கான குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘#கேள்வி’ என்று கொடுத்தால் ‘#க’ என்று மட்டும் பிடித்துத் தரும். ரெஜெக்ஸ் என்ற பெயரில் தனியாகக் கிடைக்கும் நூலகம் இதைச் சரியாகக் கையாள்கிறது. அதற்கு மாற்றியது முதலாண்டு மாணவி ஒருவர். அவர் வாழ்க்கையில் அனுப்பிய முதல் புல் ரிக்வெஸ்ட் (நிரலில் என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அது. இது எனக்கு மிகப் பிடித்த விஷயம். குழுவின் சொந்த வேலைகளான போஸ்டர் நிரல், பாட், நினைவூட்டல் எல்லாமே புதியவர்கள் கை வைத்துப் பழக ஏற்ற அளவில் இருக்கின்றன. வேலை செய்ய வந்தவர் குழுவை விட்டுப் போவதில்லை. தன் வகுப்பு ஆட்களையும் இழுத்து வருகிறார்.

நினைவூட்டலை ஒரு சின்னச் சேவையகத்தில், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் க்ரான் மூலம் ஓட்டுகிறோம். நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்சன்ஸிலும் ஓட்டலாம். ஆனால் பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் காலமுறை வேலைகள் தானாக அணைக்கப்படும் என்பது அங்குள்ள விதி. நேரமும் அங்கே இயல்பாக யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்குதான், நமது 7.30 அங்கே 14:00.

கிரிப்டோ ஸ்பேம் பெரிய தொல்லையாக இருந்தது. சேர்வதற்கு அனுமதி கேட்கும் வகை லிங்க்கை மட்டும் வெளியே விட்டதில் பெரும்பகுதி அடங்கிவிட்டது.

கல்லூரிகளுக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கி ஒரு நாள் பயிலரங்கம் நடத்துவது சுலபம், கூட்டமும் வரும். ஆனால் வருகைப் பதிவுக்காக உட்கார்ந்தவர்கள் சனிக்கிழமை வருவதில்லை. இப்போது ஒவ்வொரு கல்லூரியிலும் ஏற்கனவே குழுவில் இருக்கும் ஒரு மாணவரைப் பிடிக்கிறோம். அவர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த நாலு வரியைப் போடுவார், சனிக்கிழமை விடுதி அறையில் நாலு பேரை உட்கார வைத்து ஒரே லேப்டாப்பில் பார்ப்பார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் ஒருவராவது கேள்வி கேட்கிறார்.

சாவிகள்

இப்போது நடத்தும் பொறுப்பை மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று சுழற்றுகிறோம். வேலையை விட்டோ ஊரை விட்டோ ஒருவர் போனால் குழு நின்றுவிடக்கூடாது. டொமைன், யூடியூப் சேனல், சேவையகம், பாட்டின் டோக்கன் எல்லாவற்றின் சாவிகளும் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீபாஸ் கோப்பு ஒன்றில் இருக்கின்றன, மூன்று பேரிடம் அது உண்டு. டெலிகிராம் குழுவின் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற, மாற்றுபவர் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு குறைந்தது 7 நாளாக இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். கைமாற்றும் அன்றைக்குப் போய் அதைப் போட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே நடத்துபவர் பட்டியலில் பெயர் சேரும் நாளிலேயே அதைப் போடச் சொல்லிவிடுகிறோம்.

அடுத்து பொறுப்பு எடுப்பவர் அந்த டெஸ்டிங் அக்கா. அவர் பட்டியலில் முதலில் இருப்பது சின்ன வீடியோக்களுக்குத் தமிழில் வசனவரி போடுவது. பேருந்திலும் வகுப்பிலும் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். தானாக உருவாகும் எழுத்தில் தொழில்நுட்பச் சொற்கள் சிதைந்து வருவதால், எங்கள் சொற்பட்டியலை வைத்துத் திருத்தும் நிரல் ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறோம். ‘லிஸ்ட்’, ‘டிக்ஷனரி’, ‘ஃபங்ஷன்’ வரை சரியாகப் பிடிக்கிறது. ‘ட்யூப்பிள்’ இன்னும் பிடிபடவில்லை.